காமன் கூத்தை எடுக்க எந்தக் கமரா?

போன மாசியில் இரவல் கமரா ஒன்றோடு, மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலில் விடியும் வரை நின்றேன். மன்மதனை எரிக்கச் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். தப்பு மேளம் உச்சத்துக்கு ஏறியது. ரதி வேடம் கட்டிய தம்பி மண்ணில் விழுந்து புரண்டு அழுதான். காலையில் பார்த்தால் பதிவு 29 நிமிடம் 59 வினாடியோடு நின்றிருந்தது. ரதியின் ஒப்பாரியில் ஒரு சொல்கூட இல்லை. பற்றரியில் சார்ஜ் இருந்தது, கார்டிலும் இடம் இருந்தது. கமராவோடு வந்த கையேட்டைப் படிக்காதது என் குற்றம்.

பிறகுதான் விசாரித்தேன். தொடர்ந்து 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யக்கூடிய கமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்க வரி வாங்கி வந்தது. அதிலிருந்து தப்புவதற்காக, போட்டோக் கமராக்களை ஒரு வினாடி முன்னதாகவே நின்றுவிடும்படி செய்து விற்றார்கள். ஐரோப்பிய வரிக்குப் பயந்து போட்ட கடிவாளம் பொகவந்தலாவைப் பக்கத்தில் ரதியின் வாயை அடைத்துவிட்டது. புதிய கமராக்கள் பலவற்றில் இந்த எல்லை இல்லை. பழையது வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

இப்போது தோட்டத்து இளைஞர் மன்றம் சொந்தமாக ஒரு கமரா வாங்கப் பணம் சேர்த்திருக்கிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராடிய தோட்டங்களில் இது சின்னக் காசு இல்லை. ஹற்றனில் கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் என்பதால், எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொருளாளர் தம்பி கேட்ட முதற்கேள்வி, "அண்ணே, 4கே இருக்க வேண்டும்தானே?"

வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே என்பது மிகு துல்லிய வீடியோ. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அதை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 360 ஜிபி. அதே கூத்தை, அதைவிடத் துல்லியம் குறைந்த 1080இல், 50 மெகாபிட்டில் எடுத்தால் 180 ஜிபியோடு முடிந்துவிடும். 128 ஜிபி கார்ட் இரண்டு போதும். சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்க வேண்டிய லயத்து வீட்டு வரிசையிலிருந்து 360 ஜிபியை யார், எங்கே ஏற்றப்போகிறார்கள்? தவிர, வெளிச்சம் போதாமல் எடுத்த 4கே என்பது பெரிய அளவில் எடுத்த இருட்டு, வேறொன்றும் இல்லை.

எங்களுக்கு உள்ள வேலை இரண்டு. ஒன்று, இரவு முழுவதும் நடக்கும் கூத்து. காமன் கூத்து மட்டுமல்ல, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாமே இருட்டில்தான். மற்றது, வயதானவர்களை உட்காரவைத்து அவர்களுடைய பாட்டையும் கதையையும் பதிவு செய்வது. இந்த இரண்டுக்கும் ஒரே கமரா சரிவராது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

எல்லோர் கையிலும் இருக்கும் ஃபோனிலிருந்தே தொடங்குகிறேன். மன்றத்தில் பாதிப்பேர் "ஃபோன் இருக்கும்போது கமரா எதற்கு" என்கிறார்கள். பகலில் அந்தக் கேள்வி நியாயம். இரவில்தான் சிக்கல். வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சர். அரை அங்குலம் என்று சொல்லப்படும் ஃபோன் சென்சரின் உண்மையான அளவு ஏறத்தாழ 6.4க்கு 4.8 மில்லிமீற்றர். சோனிக் கமராவில் உள்ள ஏபிஎஸ்-சி என்னும் பெரிய வகைச் சென்சர் 23.5க்கு 15.6. பரப்பளவில் பன்னிரண்டு மடங்கு. மழைநாளில் முற்றத்தில் குவளையை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஃபோன் அந்தக் குறையை மென்பொருளால் மூடி மறைக்கும். மறைத்த இடத்தில் எமன் வேடக்காரரின் முகத்துக் கரியும் மையும் ஒரே சேறாகக் கலந்துவிடும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகவும் கூடும். ஃபோனில்தான் எடுப்பேன் என்பவர்கள் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தீப்பந்தம் ஒவ்வொரு முறை அசையும்போதும் படம் வெளுத்துக் கறுத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் வயதானவர்களிடம் போகும்போது கதையே மாறிவிடுகிறது. எண்பதைத் தாண்டிய ஓர் அப்பாயி எங்கள் மேல் லயத்தில் இருக்கிறார். கொழுந்து மலையில் பாடிய தெம்மாங்கெல்லாம் இன்னும் அவருக்கு மனப்பாடம். நான் கலியாணத்துக்குக் கொண்டுபோகும் கமராவை, பெரிய லென்ஸோடு, இஸ்தோப்புத் திண்ணையில் அவருக்கு எதிரே முக்காலியில் வைத்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டார், முதுகை நிமிர்த்தினார், சாமிப்பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டார். "ராசா, அந்தப் பீரங்கி என்னையே பார்க்கிறது." கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஃபோனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்து, சட்டையில் குத்தும் சின்ன மைக்கை அவர் சேலைத் தலைப்பில் மாட்டிவிட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் பாட்டுத் தானாக வந்தது. கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, அதுவும் பாதி எழுத முடியாத சொற்களோடு. அதனால் பேட்டிக்கும் பாட்டுக்கும் புதிய கமரா எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு. இருக்கிற ஃபோனோடு நல்ல மைக் ஒன்று போதும்.

இரவுக் கூத்துக்கு வருவோம். மன்றத்தில் பெயர் அடிபட்டவை நான்கு: டிஜேஐ ஒஸ்மோ பொக்கெட் 3, கெனன் ஆர்50, சோனி இசட்வி-ஈ10, பழைய பனசோனிக் ஜிஎச்5. வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. 30 மடங்கு ஸூம் உள்ள ஹேண்டிகேம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றார் ஒருவர். அதன் சென்சர் பெரும்பாலான ஃபோன்களுடையதை விடச் சிறியது; பகலில் விளையாட்டுப் போட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். இன்னொருவர் தண்ணீர் புகாத கோப்ரோவைச் சொன்னார். மழைக்கு நல்லது, இருட்டுக்கு ஆகாது.

பொக்கெட் 3ஐ ஒருமுறை கையில் பிடித்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். 179 கிராம். அதன் தலை மூன்று அச்சில் தானாகச் சமநிலை பிடிக்கும்; வேடக்காரர் பின்னாலேயே பொட்டலைச் சுற்றி ஓடினாலும் படம் குலுங்காது. 2023 ஒக்டோபரில் வெளிவந்தபோது விலை 519 டொலர். எஃப் 2.0 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்), ஒரு அங்குலச் சென்சர். இந்த 'ஒரு அங்குலம்' ஒரு பழங்கணக்கு: அந்தக் காலத்துக் கமராக் குழாயின் விட்டத்தை வைத்துச் சொல்கிறார்கள். சென்சரை மூலைக்கு மூலை அளந்தால் 16 மில்லிமீற்றர்தான் வரும். இருந்தாலும் ஃபோனை விடப் பலபடி மேல். தனியாகச் சுற்றி, நடந்து, பேசி எடுக்கிற ஒருவருக்கு இதைவிட நல்லதை இந்த விலையில் நான் பார்க்கவில்லை. குறை என்ன? ஒளியியல் ஸூம் இல்லை, லென்ஸ் அகலக்கோணம். கூத்து மாஸ்டர் போட்ட எல்லைக்கயிற்றுக்கு வெளியே நின்றால் மன்மதன் தீக்குச்சி அளவில்தான் தெரிவார். பற்றரி உள்ளேயே பூட்டப்பட்டது, கழற்றி மாற்ற முடியாது. சாரல் பட்டால் தாங்கும் என்ற உறுதியும் இல்லை.

கெனன் ஆர்50ம் சோனி இசட்வி-ஈ10ம் கிட்டத்தட்ட ஒரே விலைக்காரர்கள். வெளிவந்தபோது லென்ஸ் இல்லாமல் ஒன்று 680 டொலர், மற்றது 700. டொலரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதைப் பார்த்த பிறகு, ரூபாயில் எழுதும் விலைப்பட்டியலை நான் நம்புவதில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 சதவீதமாக ஏறியது.

படத்தை மட்டும் பார்த்தால் நான் கெனனைத்தான் எடுப்பேன். முகத்தின் நிறம் எடுத்த எடுப்பில் சரியாக வருகிறது. 4கே வேண்டுமென்றால் 6கே அளவிலிருந்து பிழிந்து கூர்மையாகத் தருகிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது, பகல் வெயிலில் அது பெரிய உதவி. சோனியில் அது கிடையாது. சோனியைச் சட்டென்று திருப்பினால் நேரான கம்பம் சாய்ந்து தெரியும் தொல்லையும் உண்டு. காமன் கம்பம் சாய்வது நல்ல சகுனமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கெனன் அடிபட்டுப் போனது இரண்டு இடங்களில். ஒரு பதிவை ஒரு மணி நேரத்தோடு அது நிறுத்திவிடும். மறுபடி பொத்தானை அழுத்தினால் ஓடும்தான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்கிறவனுக்கு அது நினைவிருக்குமா? ஒரு முறை சூடுபட்ட பூனை நான். அடுத்தது ஹெட்ஃபோன் துளை. மைக் செருக இடம் இருக்கிறது, ஆனால் மைக்கில் என்ன விழுகிறது என்று காதில் கேட்டுப் பார்க்க வழியில்லை. தப்பும் உடுக்கும் முழங்கும் இடத்தில் ஒலியைக் கேட்காமல் எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது போல. சோனியில் இரண்டு துளையும் உண்டு, அந்த நேர எல்லையும் இல்லை. அதன் சின்னப் பற்றரி ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்றாலும், யூஎஸ்பி வழியாகப் பவர்பேங்கைக் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். 4கேயில் நீண்ட நேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும் என்பது அதன் மீதான பழி. 1080இல் எடுத்து, மெனுவில் சூட்டு எல்லையை உயர்த்திவைத்தால் அந்தக் கவலை பெருமளவு குறையும். மாசி இரவின் குளிர் நமக்குச் செய்யும் ஒரே உபகாரமும் அதுதான்.

ஜிஎச்5 வேறு சாதி. 2017இல் வந்தது, வீடியோவுக்கென்றே செய்தது. நேர எல்லை இல்லை, இரண்டு கார்ட் போடலாம், சென்சரே அசைந்து கைநடுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு தூறலையும் தூசியையும் தாங்கும். மழை பெய்யும் ஊர்க்காரனுக்கு இது பாதி வரம். கலியாண வேலையில் இதை வைத்திருந்த நண்பர் இன்றும் புகழ்கிறார். எனக்குத் தயக்கம் தந்தது ஃபோகஸ். அது மாறுபாட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள எல்லைக்கோட்டைத் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். மஸ்கெலியாப் பக்கம் மூடுபனி இறங்கினால் எல்லைக்கோடு எங்கே இருக்கும்? லென்ஸ் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். சோனியும் கெனனும் வேறு வழியில் தூரத்தை அளப்பதால் பனியிலும் புகையிலும் தடுமாற்றம் குறைவு. கையால் ஃபோகஸ் திருப்பத் தெரிந்த ஒருவர் மன்றத்தில் இருந்திருந்தால் ஜிஎச்5ஐயே சொல்லியிருப்பேன். பன்னிரண்டு பேர் மாறி மாறி எடுக்கப்போகும் கமரா இது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறாது என்பதும் அதற்கு எதிரான இன்னொரு புள்ளி.

ஆக, சோனி. அதோடு வரும் 16-50 லென்ஸைப் பொட்டலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸூம் செய்தால் அது எஃப் 5.6க்கு இறங்கிவிடும். எஃப் 1.4 லென்ஸ் அதைப்போல் பதினாறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 போன்ற ஒன்று போதும். உடம்பைப் பழையதாக வாங்கி, மிஞ்சும் காசை லென்ஸில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சோனி கமராக்களில் மெனு ஜப்பான் மொழியில் மட்டுமே இருக்கும். மலிவாக வந்திருக்கிறது என்று யாராவது நீட்டினால் முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள். முடிந்தால் உத்தரவாதம் உள்ளதை வாங்குங்கள். சின்னப் பழுதுக்குக் கொழும்புக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய ஒன்று. இலங்கையில் மின்சாரம் 50 ஹேட்ஸில் ஓடுகிறது. கமரா மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி, வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வினாடியில் 50இல் ஒன்று என்று வைத்தால் விளக்குகள் படத்தில் துடிக்காது. 30 பிரேமில், 60இல் ஒன்றில் எடுத்துவிட்டு, "கோயில் டியூப்லைட் பழுது" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் போட்ட இடத்தில் இந்தக் கணக்கும் கொஞ்சம் பிசகும், அதன் வேகம் நிலையாக இருப்பதில்லை; முன்கூட்டியே பத்து வினாடி எடுத்துப் பாருங்கள்.

இனி ஒலி. பட்ஜெட்டில் இதற்கு யாரும் இடம் வைப்பதில்லை என்பதுதான் என் நெடுநாள் மனக்குறை. தானியங்கி ஒலியளவில் விட்டால் நடப்பது இது: தப்பில் ஓர் அடி விழும், கமரா பயந்து ஒலியைக் குறைக்கும், அந்த நேரத்தில் மாஸ்டர் பாடும் அடி விழுங்கப்பட்டுவிடும், மறுபடி கமரா ஒலியைக் கூட்டும்போது அடுத்த அடி விழுந்திருக்கும். பாட்டு முழுவதும் மூச்சு வாங்குவது போல் கேட்கும். லாவணிப் பாட்டில், மன்மதன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சியும் எரியவில்லை என்னும் எரியாத கட்சியும் மாறி மாறி மடக்கும்போது ஒரு கட்சியின் வாதம் மட்டும் பதிவாவது பெரிய அநியாயம். ஒலியளவைக் கையால் வைத்து, தப்பின் உச்ச அடி கமராவின் ஒலி அளவுகோலில் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் தனி ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். ஸூம் என்ற நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் 2024இல் வந்தது. 32 பிட் ஃபுளோட் முறையில் பதிவு செய்வதால் அளவை முன்கூட்டியே வைக்க வேண்டியதில்லை. அடியும் முணுமுணுப்பும் ஒரே கோப்பில் இருக்கும், வீட்டுக்கு வந்து சரிசெய்துகொள்ளலாம். கருவியைத் தப்புக்காரர்களுக்குப் பின்னால் வைக்காமல் பாடுகிறவர் பக்கம் வையுங்கள். தொடங்கும்போது கமராவுக்கு முன் ஒருமுறை உரக்கக் கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவது எளிது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் எந்தக் கருவியும் உதவாது. மழை விடும் வரை இன்னொரு பிளேன்டீ.

கடைசியாக ஈரம். ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவ மழை மே மாதத்தில் தொடங்கினால் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு லென்ஸின் கதை முடிந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். அரிசி டின் வேண்டாம், மாத்தூசி ஏறும். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலம். சமைக்கும் சட்டியில் மட்டும் அதை வறுக்காதீர்கள், அந்த நீலத்தில் இருப்பது கோபால்ட், விஷம். குளிரிலிருந்து அடுப்பு எரியும் காம்பரா அறைக்குள் வரும்போது கமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டிக் கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பனி நீர் பைக்கு வெளியே படியும். பொட்டலில் நிற்கும்போது மாற்றுப் பற்றரி சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் தம்பி பட்டியலைப் பார்த்தான்: பழைய இசட்வி-ஈ10, எஃப் 1.4 லென்ஸ் ஒன்று, ஒலிப்பதிவுக் கருவி, கார்ட் இரண்டு, பவர்பேங்க், கனமான முக்காலி. பொக்கெட் 3 அவனுடைய ஆசை. அதை அடுத்த சீட்டுக்குத் தள்ளிவைத்தோம். கமராவுக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். போன மாசியில் ரதி வேடம் கட்டிய தம்பி உடனே கையைத் தூக்கினான். தன் ஒப்பாரி காணாமல் போன கோபம் இன்னும் ஆறவில்லை, வேறு யாரையும் அவன் நம்பத் தயாரில்லை. அப்படியானால் இந்த முறை ரதி யார் என்று கூத்து மாஸ்டர் கேட்டார். அதற்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.